குழாய் ஓடும் சத்தம்

என் தங்கை முதன்முதலாகச் செய்த கேமில் ஒருவராலும் ஜெயிக்க முடியவில்லை. அவள் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் விளையாடித் தோற்றார்கள். பாடம் நடத்தும் மேடமும் தோற்றார். கம்ப்யூட்டரைத் தூசு துடைப்பதற்குத் தவிர வேறெதற்கும் தொட்டிராத நான் உட்கார்ந்து, எடுத்த எடுப்பிலேயே ஜெயித்தேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

தங்கையை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன். சின்ன வயதில் அப்படி ஒரு வால் அவள். அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே வால் சுருண்டுவிட்டது. எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு.

என் வீட்டுக்காரர் பேரிங் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். சக்கரத்துக்கு நடுவில் இரும்புக் குண்டுகள் உருளுமே, அதுதான் பேரிங். அதைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டே எது நல்லது, எது பழுது என்று சொல்லிவிடுவார். மெஷின் தப்பவிட்டதை இவர் காது பிடித்துவிடும் என்று முதலாளி வரைக்கும் மெச்சுவார்கள். அந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டு வரவா முடியும்? அதோடுதான் மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். கரண்டி எந்தப் பாத்திரத்தில் பட்டது, நான் யாரோடு பேசினேன், ஏன் பேச்சைப் பாதியில் நிறுத்தினேன், எல்லாம் அந்தக் காதுக்குத் தெரியும்.

வெளியே பார்த்தால் பசு. "உங்க வீட்டுக்காரர் அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லைங்க" என்று பக்கத்து வீட்டு டீச்சர் சொல்வார். வாஸ்தவம். அதட்ட மாட்டார். என் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினாரே, அப்போதுகூட மெதுவாகத்தான் பேசினார். டாக்டரிடம் "கதவுல மாட்டிக்கிச்சு" என்று நானே சொன்னேன். அதில் பொய்யும் இல்லையே.

வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவார். ஹாலில் ஒரு சின்ன கேமரா. தொழிற்சாலையில் உட்கார்ந்தபடி போனில் எங்கள் வாசல் கதவைப் பார்ப்பார். வீட்டுச் சத்தமும் அதில் கேட்கும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள், எங்கள் சுவருக்குக் கண்ணும் வைத்துவிட்டார். வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் கேமராவைத் திரும்பிப் பார்க்க மாட்டார். அவர்தான் இருக்கிறாரே.

வாலுவைக் கேம் செய்யும் படிப்புக்கு அனுப்பியதும் அவர்தான். மச்சினியைத் தன் செலவில் படிக்க வைக்கிறார் என்று நாலு பேர் சொல்ல வேண்டுமே. காலையில் அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டு, மாலையில் அவரே கூட்டி வருவார். கேம் செய்ய வலுவான கம்ப்யூட்டர் வேண்டும் என்றதும் மேசையில் வைக்கிற பெரிய பெட்டியாக ஒன்று வாங்கிப் போட்டார். அதன் கடவுச்சொல்லையும் அவரே வைத்தார். அது அவள் படுத்துக்கொள்ளும் சாமான் அறையில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கொடுக்கச் சொல்லிக் கேட்டதாம், அவளும் "சாமான் ரூம்" என்று கொடுத்துவிட்டாள்.

முதல் பாடங்களை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு சதுரத்தை வரைந்து அதைத் தரையில் நிற்க வைக்க வேண்டும். இவள் சதுரம் நேராகத் தரையைத் தாண்டி விழுந்து காணாமல் போனது.

"தரை இருக்கே, அப்புறம் ஏன்டி விழுது?"

"தரை இருக்குக்கா. ஆனா அது தரைன்னு நான் சொல்லணும். இது மேல விழுந்தா நிக்கணும்னு ஒவ்வொண்ணையும் சொல்லணும். சொல்லாட்டி அதுக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்க மாமா மாதிரி இல்ல. சொல்லாமலே எல்லாம் தெரிஞ்சுக்குவார்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் சிரிப்பதானால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் சிரிப்போம்.

அடுத்து சதுரத்தை நடக்க வைத்தாள். நிற்கச் சொல்ல மறந்துவிட்டாள், அது நடந்துகொண்டே ஸ்கிரீனை விட்டு வெளியே போய்விட்டது. "குடுத்து வச்ச சதுரம்" என்றேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை.

மேடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் மறுபடி மேடம். எதைச் செய்து காட்டினாலும் "மறுபடி" என்பாராம். வயதும் ஒன்றும் ஆகிவிடவில்லை, வாலுவைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். அந்த வருடத்தின் பெரிய வேலையாக அவர் சொன்னது இது: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடம், அங்கே உள்ள ஒரு விதி, அதை வைத்து ஒரு கேம். பையன்கள் பஸ் ஸ்டாண்டையும் கிரிக்கெட் மைதானத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வாலு எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டாள்.

அடுப்படியில் ஒரு பெண் நிற்கிறாள். உள்ளறையில் ஒரு ஆள் படுத்திருக்கிறான். அவள் ஹாலைத் தாண்டி வாசல் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும். அவ்வளவுதான் கேம். கத்தி, துப்பாக்கி எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சத்தம் உண்டு. ஹாலில் நடுவில் உள்ள டைல்ஸ் கால் பட்டால் தட்டும். செருப்பு அலமாரி திறந்தால் முனகும். வாசல் தாழ்ப்பாள் இழுத்தால் டக்கென்று கேட்கும். சத்தம் அளவைத் தாண்டினால் அந்த ஆள் எழுந்து வருவான். வந்தால் ஆட்டம் முடிந்தது. அவன் முகத்தை வரையவே இல்லை, இருட்டாக ஒரு உருவம் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும்.

வகுப்பில் ஒருவரும் ஹாலின் பாதியைத் தாண்டவில்லை. மறுபடி மேடம் இதற்கென்று ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். விளையாடுகிறவரிடம் எப்படி இருந்தது என்று கேட்காதே, மரியாதைக்கு நன்றாக இருந்தது என்பார்கள். அவர்கள் எங்கே சாகிறார்கள் என்று பார். அதற்காகக் கேமே யாராவது பிடிபடும்போதெல்லாம் வகுப்பின் இணையப் பக்கத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளியை அனுப்பும். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எப்போது என்ற விவரமும் கூடவே போகும். ஜெயித்தால் பச்சைப் புள்ளி. வாலுவின் வீட்டு வரைபடத்தில் அடுப்படி வாசலைத் தாண்டியதும் சிவப்பு அப்பிக் கிடந்தது.

"சத்தமே போடாம நடந்தாலும் வந்து பிடிக்கிறான். நீ எழுதின புரோகிராம்ல எங்கயோ தப்பு இருக்கு, தேடிப் பாரு" என்றாராம் மேடம்.

"தப்பு இல்ல மேடம். அவர் அப்படித்தான்" என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

அவர் என்றாளே, அவன் என்று சொல்லவில்லையே. மேடம் அதைக் கவனித்திருக்கிறார். அதற்கப்புறம் "மறுபடி" என்று சொல்லவில்லை, வகுப்பு முடிந்ததும் இருக்கச் சொல்லித் தனியாகப் பேசியிருக்கிறார்.

வகுப்பில்லாத ஒரு பகலில், அவர் வெளியே பூட்டிக்கொண்டு போன பிறகு, வாலு என்னைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டாள். ஹெட்போனை என் காதில் மாட்டினாள். எந்தப் பட்டனுக்கு எந்தப் பக்கம் நடக்கும் என்று காட்டினாள். "நீ விளையாடுக்கா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஸ்கிரீனில் என் அடுப்படி. சிங்க் கீழே இருக்கும் கறை வரைக்கும் வரைந்திருந்தாள். அந்தப் பெண்ணை நடத்தப் போன நான், நடத்தவில்லை. முதலில் குழாயைத் திறந்தேன். ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தேன். ஹெட்போனில் தண்ணீர் விழத் தொடங்கியது. அப்புறம்தான் அவளை நகர்த்தினேன்.

வகுப்பில் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? சத்தம் போட்டால் ஆபத்து என்று மட்டும் நினைத்துவிட்டார்கள். அடுப்படி சத்தம் நின்றாலும் அவர் எழுந்து வருவார். சத்தம் என்றால் நான் வேலை செய்கிறேன். சத்தமில்லை என்றால் நான் யோசிக்கிறேன். நான் யோசிப்பது அவருக்குப் பிடிக்காது. அதே மாதிரிதான் அவரும். இருமினால், போனில் பேசினால், செருப்பைத் தேய்த்தால் பயமில்லை. அவர் அமைதியானால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது இருந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும்.

சுவரோரமாக நடத்தினேன், அங்கே டைல்ஸ் தட்டாது. செருப்பை எடுக்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்துக் காத்திருந்தேன். உள்ளறையில் அந்த ஆளுக்குப் போன் வந்தது. பேசினான். அவன் பெரிதாகச் சிரித்த நொடியில் இழுத்தேன். கதவு திறந்தது.

திரும்பிப் பார்த்தால் வாலுவின் கண் நிறைந்திருக்கிறது. "இவ்வளவும் உனக்கு எப்படிக்கா..." என்றாள். தான் செய்த விதி எவ்வளவு கொடுமை என்று நான் ஜெயித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. பாம்பின் கால் பாம்பறியும் என்கிற மாதிரி, இந்த வீட்டின் ஒவ்வொரு மூச்சும் எனக்கு அத்துப்படியாகி இருக்கிறதே என்று என் மேலேயே கோபம்.

ஸ்கிரீனில் ஒரு படம் வந்திருந்தது. ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டட மொட்டைமாடியில், கால்பந்து மாதிரி கறுப்பு வெள்ளையில் பெயின்ட் அடித்த பெரிய தண்ணீர்த் தொட்டி. ஜன்னலில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது.

வாலு எழுந்து போய் நிஜக் குழாயைத் திறந்துவிட்டு வந்து என் காதோரம் சொன்னாள். "இது நிஜமா இருக்கிற ரூம்க்கா. மேடத்தோட பெரியம்மா வீட்டு மாடி. நாம எப்ப வந்தாலும் தரேன்னு சொல்லிட்டாங்க. போன்ல சொன்னா மாமா படிச்சிடுவார், வீட்ல பேசினா கேட்டுடுவார். அதான் ஜெயிச்சா தெரியற மாதிரி வரைஞ்சு வச்சேன். வேற யாரும் ஜெயிக்க மாட்டாங்கன்னு தெரியும்."

நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நீலப் புடவை. அதைக்கூட வரைந்திருந்தாள்.

அவர் வேலைக்குப் போயிருக்கும்போது கிளம்ப முடியாது, வெளியே பூட்டு, உள்ளே கேமரா. அவர் வீட்டில் இருக்கும்போதுதான் கதவில் வெறும் தாழ்ப்பாள். ஆகவே ஒரு லீவு நாள் காலையில் போனோம். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை, கேமில் எப்படியோ அப்படித்தான். குழாய், பாத்திரம், சுவரோரம். வாலு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். போனில் அவருடைய முதலாளி. அவர் சிரித்தார். நான் தாழ்ப்பாளை இழுத்தேன். வெறுங்காலோடு தெரு முனை வரை நடந்து, அதற்கப்புறம் ஓடினோம்.

போலீஸுக்கும் போனோம். எங்களைக் காணவில்லை என்று அவர் ஏற்கனவே கண்ணீரோடு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "நல்ல மனுஷனா தெரியறாரேம்மா, பேசித் தீத்துக்கோங்க" என்றார்கள். நாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டோம். வாலு வகுப்புக்கும் போகவில்லை, அங்கே தேடி வந்தவரிடம் மேடம் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டாராம்.

அந்த மாடி அறையில் முதல் சில நாட்கள் எனக்குப் பேசவே தெரியவில்லை. ஒரு நாள் தட்டு மூடி கை தவறிக் கீழே விழுந்து உருண்டது. இரண்டு பேரும் சிலையாக நின்றோம். யாரும் வரவில்லை. வாலு வேண்டுமென்றே இன்னொரு மூடியை எடுத்துக் கீழே போட்டாள். நான் ஒரு தம்ளரைப் போட்டேன். கீழ்வீட்டுப் பெரியம்மா மேலே வந்து, "என்னம்மா, பாத்திரக்கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்கும் வரைக்கும் போட்டோம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். குழாய் மூடித்தான் இருந்தது.

பிறகு ஒரு நாள், மேடத்தைப் பார்க்கக் கீழே போன வாலு முகம் வெளுத்து வந்தாள். மேடத்தின் பழைய மடிக்கணினியை மேசையில் வைத்துத் திறந்தாள்.

"அக்கா, மாமா விளையாடறார்."

வீட்டு வரைபடத்தில் புதிய சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "சாமான் ரூம்" என்று இருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன்னு சொன்னியேடி!"

"அழிச்சேன்க்கா. எழுதின புரோகிராம், வரைஞ்ச படம் எல்லாத்தையும் அழிச்சேன். ஆனா கட்டி முடிச்ச கேம் தனியா ஒரு ஃபைலா முகப்புலயே இருந்திருக்கு. அது ஞாபகம் வரல."

எனக்குப் புரிகிற மாதிரி அவளே சொன்னாள். சமையல் குறிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டாள், சமைத்து வைத்ததை அடுப்பிலேயே விட்டுவிட்டாள். கேம் செய்யப் பழகுகிறவர்கள்தான் இப்படித் தவறுவார்களாம். அவர்களுக்குக் கேம் என்றால் எழுதியதுதான், விளையாடுவது அல்ல.

"இங்கேருந்து அதை நிறுத்த முடியாதா?"

"முடியாதுக்கா. அது புள்ளிய அனுப்ப மட்டும்தான் செய்யும். நாம எது சொன்னாலும் வாங்கிக்காது."

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பத்துப் புள்ளிகள் அடுப்பை விட்டு நகர்ந்ததுமே விழுந்திருந்தன. வீட்டு எஜமான் நடக்கிற மாதிரி தரையதிர நடந்திருக்கிறார். அவரை அவரே வந்து பிடித்திருக்கிறார். மறுபடியும் நடந்திருக்கிறார், மறுபடியும் பிடித்திருக்கிறார். தன் சொந்த வீட்டில் அடுப்படி வாசலை அவரால் தாண்ட முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். "நல்லா படட்டும். பொண்டாட்டியா இருந்து பாக்கட்டும்" என்றேன்.

அவர் விடவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை அவரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். பழுதான பேரிங் ஒன்று கைக்கு வந்தால் எங்கே பழுது என்று தெரியும் வரை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருப்பவர். அந்த வீட்டில் இணையம் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து கொத்தாக வந்தன. ஒவ்வொரு கொத்திலும், புள்ளிக்குப் புள்ளி நேரம் நீண்டு, நடை மெதுவானது தெரிந்தது. நடு ஹாலை விட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். நான் எத்தனையோ வருஷம் பயந்து பயந்து கற்றதை அவர் உட்கார்ந்த இடத்திலேயே கற்றுக்கொண்டிருந்தார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி எனக்குள் வந்தது. ஈரக் கையோடு ஓடி வந்தேன்.

"வாலு, ஜெயிச்சா அந்த ஜன்னல் படம் வருமே?"

அவள் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே கால்பந்துத் தொட்டி. அப்படி ஒரு தொட்டி இந்த ஊரில் ஒன்றுதான், எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் சொல்வார். கொடியில் என் நீலப் புடவை. அவள் அழ ஆரம்பித்தாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. "அழாதே. அவர் ஜெயிக்க மாட்டார். குழாயைத் திறக்கணும்னு அவருக்குத் தோணவே தோணாது. கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் அந்தக் குழாய்ல கை வச்சதே இல்ல" என்றேன். அது நிஜம். தண்ணீர் குடிக்கக்கூட நான்தான் தம்ளரை நீட்ட வேண்டும். அந்த ஒரு சோம்பேறித்தனத்தின் மேல் எங்கள் இரண்டு உயிரையும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இருந்தாலும் மேடத்திடம் சொன்னோம். வேறு ஊரில் தெரிந்தவர்கள் வீடு ஒன்றைப் பேசி, ஒரு வண்டியும் ஏற்பாடு செய்தார். நாளை மதியம் வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். துணிமணி எல்லாம் இரண்டு பைக்குள் அடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் வந்த கொத்தில் ஒரு புள்ளி செருப்பு அலமாரி பக்கத்தில் இருந்தது.

அடுப்படி வாசலில் இல்லை. ஹால் நடுவில் இல்லை. ஹாலை முழுக்கக் கடந்து, வாசல் கதவுக்குப் பக்கத்தில். வெளியே போகிற மனிதர் பழக்க தோஷத்தில் செருப்பை எடுக்கக் குனிந்திருக்கிறார், அலமாரி முனகியிருக்கிறது. அவ்வளவு தூரம் வர ஒரே வழிதான் இருக்கிறது.

"குழாயைக் கண்டுபிடிச்சிட்டார்" என்றேன்.

நாங்கள் போன அன்றைக்கு அடுப்படிக்கு வந்து பார்த்திருப்பார் அல்லவா? நிரம்பி வழிகிற பாத்திரம், ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர். தன் கையால் அந்தக் குழாயை அவர் முதன்முதலாக மூடிய நாள் அதுதான். அதை நான் யோசிக்கவே இல்லை. மறந்து விட்டுவிட்டுப் போனேன் என்றுதான் அவரும் முதலில் நினைத்திருப்பார். தோற்றுத் தோற்று, ஒரு கட்டத்தில் அந்தத் தண்ணீர் ஞாபகம் வந்திருக்கும்.

இனி பாக்கி தாழ்ப்பாள் ஒன்றுதான். அந்த ஆள் சிரிக்கும்போது இழுக்க வேண்டும். தன் சிரிப்பு எப்போது வரும் என்று அவருக்கா தெரியாது?

மேடத்துக்குப் போன் போட்டோம், எடுக்கவில்லை, பாடம் நடத்திக்கொண்டிருப்பார். வண்டி வர நேரம் இருந்தது. வாலு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். தாழ்ப்பாள் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அப்புறம் அங்கேயே இன்னொன்று. நான் ஜன்னல் கொடியிலிருந்து புடவையை உருவி மடித்துப் பைக்குள் திணித்தேன். இப்போது எடுத்து என்ன பிரயோஜனம் என்று தெரியும், ஆனாலும் எடுத்தேன்.

"அக்கா."

பார்த்தேன். கதவுக்கு வெளியே ஒரு பச்சைப் புள்ளி.

"இப்பவா?"

வாலு புள்ளி மேல் விரல் வைத்து, பக்கத்தில் இருந்த நேரத்தைப் படித்தாள். "இல்லக்கா. லேட்டாதான் வந்து சேர்ந்திருக்கு. நேத்து சாயங்காலம்."

நேற்று சாயங்காலம் நான் அந்த ஜன்னலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் சாமான் அறையிலிருந்து ஒரு புள்ளியும் இல்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அவர் விளையாடவில்லை. அமைதியாக இருந்திருக்கிறார்.

வண்டிக்குக் காத்திருக்கத் தைரியம் இல்லை. பைகளை எடுத்தோம். பெரியம்மா வீட்டில் டிவி ஓடும் சத்தம் தினமும் கேட்கும், இன்று கேட்கவில்லை. கடைக்குப் போயிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். வாலு கதவை மெதுவாகத் திறந்தாள். நான் கடைசியாக ஒரு முறை அறையைப் பார்த்தேன். என் கை தன்பாட்டில் சிங்க் பக்கம் போனது. குழாயைத் திறந்தேன், கீழே பாத்திரத்தை வைத்தேன். தண்ணீர் விழ ஆரம்பித்ததும் மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகப் படி இறங்கினோம். வாலு என் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

பாதிப் படியில்தான் எனக்கு உறைத்தது. குழாய் ஓடினால் நான் அடுப்படியில் இருக்கிறேன் என்று நம்புகிற மனிதர் இப்போது இல்லை. குழாய் ஓடினால் நான் கிளம்பிவிட்டேன், சுவரோரமாக வெறுங்காலோடு வந்துகொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

வாலுவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். மேலே தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே, படி திரும்புகிற இடத்துக்கு அப்பால், இருமல் இல்லை, செருப்புத் தேய்கிற சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை.